காலுக்கு எந்த மேசு? நரம்பு புடைத்தவர்கள் வாங்கமுன் பார்க்க வேண்டியவை

“ரீச்சர், என்ன சைஸ் செருப்பு போடுறனீங்கள்?”

பட்டணத்துப் பாமசி ஒன்றில் தம்பி கேட்ட கேள்வி. “ஏழு” என்றேன். உள்ளே போய் அழுத்த மேசு, அதாவது காலை இறுக்கிப் பிடிக்கிற காலுறை, உள்ள ஒரு பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அளவு நாடா என்ற ஒன்றை அந்தக் கடையில் காணவில்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். இரண்டாம் பாடம் முடியமுன் மேல்விளிம்பு சுருளத் தொடங்கியது. மூன்றாம் பாடத்தில் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டினதுபோல ஆகிவிட்டது. முன்னால் 38 பிள்ளைகள் இருக்கக் குனிந்து சேலைக்குள் இழுத்துவிடவா முடியும்? வீட்டுக்கு வந்து கழற்றினால் கெண்டைக்காலைச் சுற்றி விரலகலத்துக்குச் சிவந்த பள்ளம். அதற்குக் கீழே, காலையில் இருந்ததைவிட வீக்கம். அந்தப் பெட்டி எட்டு மாதம் அலுமாரியில் கிடந்தது.

பிறகு கிளினிக்குக்குப் போய், கேட்டு, வாசித்து, இன்னும் இரண்டு முறை காசைத் தொலைத்து ஒருவழியாகச் சரியானதைக் கண்டுபிடித்தேன். இப்போது சொந்தத்தில் யாருக்குக் கால் நரம்பு புடைத்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே தடுமாற்றம்: கிரேப் பண்டேஜ் காணுமா? பாமசி மேசு வாங்கவா? லண்டனில் இருக்கிற மகளை அனுப்பச் சொல்லவா?

ஒரு விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். நாங்கள் “நரம்பு” என்று சொன்னாலும் புடைத்திருப்பது நாளம். பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் படித்ததுதான்: இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். கால் நாளங்களுக்குள் இரத்தம் கீழே திரும்பி வராமல் தடுக்கிற சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை பழுதானால் இரத்தம் தேங்கி, நாளம் வீங்கிச் சுருள்கிறது. பழுதான வால்வை எந்த மேசும் திருத்தாது. பாரம், பின்னேர வீக்கம், உளைவு, கடி இவற்றைக் குறைக்கும், போட்டிருக்கும் வரைக்கும். பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கிற நைஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும், லேசர் போன்ற சிகிச்சை பொருந்தாதவர்களுக்குத்தான் அழுத்தக் காலுறையைச் சிகிச்சையாகக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே சத்திரசிகிச்சை கிளினிக்கில் ஒருக்கா காலைக் காட்டாமல் வருசக்கணக்காக மேசோடு காலத்தைக் கடத்துவது நல்ல யோசனை இல்லை.

## முதல் கேள்வி: உங்கள் கால் அழுத்தத்தைத் தாங்குமா?

நாளத்தில் தேங்கியிருக்கிற இரத்தத்தை மேலே தள்ளத்தான் இந்த அழுத்தம். ஆனால் காலுக்கு இரத்தம் கொண்டுவருகிற நாடியே அடைபட்டிருந்தால், அதே அழுத்தம் வருகிற கொஞ்ச இரத்தத்தையும் மறித்துவிடும். புண் வரும், மோசமானால் விரலே போகும். சீனி வருத்தம் உள்ளவர்கள், சிகரெட் பிடிக்கிறவர்கள், கொஞ்சத் தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சரியாகிறவர்கள், பாதம் எப்போதும் குளிர்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் வாங்கமுன் டொக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

கணுக்காலில் பிரசர் பார்த்து, கையில் பார்த்த பிரசரால் பிரிப்பார்கள். வருகிற எண் 0.8க்குக் கீழே என்றால் வழமையான இறுக்கம் கொடுப்பதில்லை, 0.5க்குக் கீழே என்றால் அழுத்தமே கூடாது. கனகாலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நாடிச் சுவர் கல்லாகி, இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதனால் “1.4 வந்தது, நல்லம்தானே” என்று சந்தோசப்படக் கூடாது. இதயம் பலவீனமாகி இரண்டு காலும் வீங்குகிறவர்களுக்கும் மேசு தானாக எடுக்கிற முடிவு அல்ல.

## இரண்டாவது: பெட்டியில் வகுப்பைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்

கீரிமலைக் கேணியில் இறங்கி நிற்கிறபோது கால் பாரம் குறைவதை உணர்ந்திருப்பீர்கள். குளிர்ச்சி மட்டும் காரணம் இல்லை. தண்ணீர் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். பாதத்தில் ஆகக் கூட, மேலே வரவர குறைவு. கசூரினாக் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றால் அடியில் சுமார் 30 மி.மீ. இரசம் அழுத்தம் இருக்கும். பிரசர் மெசினில் பார்க்கிறோமே, அதே அளவைதான். ஜோப்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தன் கால் வருத்தம் நீச்சல் தடாகத்தில் நிற்கும்போது குறைவதைக் கவனித்துத்தான் இப்படிக் கீழே இறுக்கி மேலே தளருகிற காலுறையை உருவாக்கினார். இன்றைக்கும் அந்தப் பெயரில் பெட்டி வருகிறது.

நல்ல மேசின் பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருக்கும். எண் இல்லாமல் “மெடிக்கல்” என்று மட்டும் போட்டிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். நின்று வேலை செய்து கால் பாரமாகிறவர்களுக்கு 15–20. புடைப்பு வெளியே தெரிந்து, பின்னேரம் வீங்குகிறவர்களுக்கு டொக்டர்கள் பெரும்பாலும் சொல்வது 20–30. அதற்கு மேலே போவது தானாக வாங்குகிற சாமான் இல்லை.

இறுக்கத்தைப் பெட்டியில் “வகுப்பு 1, 2, 3” என்றும் போடுவார்கள். அதில்தான் பொறி இருக்கிறது. நாட்டுக்கு நாடு அது வேறு:

| வகுப்பு | பிரித்தானியா | பிரான்ஸ் | ஜெர்மனி |
|---|---|---|---|
| 1 | 14–17 | 10–15 | 18–21 |
| 2 | 18–24 | 15–20 | 23–32 |
| 3 | 25–35 | 20–36 | 34–46 |

(எல்லாம் கணுக்காலில், மி.மீ. இரசத்தில்.) கனடாவிலிருந்து வருவதில் பெரும்பாலும் வகுப்பு இராது, நேரடியாக எண் இருக்கும். எங்கள் ஊரில் இந்த அட்டவணை வேறெங்கும் இல்லாத அளவுக்கு அவசியம். ஒரே வீட்டுக்குப் பாரிஸிலிருந்து தம்பியும் ஜெர்மனியிலிருந்து அண்ணாவும் “வகுப்பு 2” அனுப்புவார்கள். ஒன்றின் இறுக்கம் மற்றதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருக்கலாம்.

## மூன்றாவது: அளவு

விடிய எழும்பினவுடன், வீக்கம் ஏறமுன். நாடா இல்லாவிட்டால் தையல் நூலால் சுற்றி அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கணுக்கால் முட்டுக்குச் சற்று மேலே ஆக ஒடுங்கின இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலில் ஆக அகலமான இடத்தின் சுற்றளவு, குதிக்காலடியிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் நீளம். மூன்று எண். இரண்டு காலையும் அளக்க வேண்டும். புடைத்த கால் பெரிதாக இருக்கும். பெட்டியின் பின்பக்கத்து அட்டவணையில் கணுக்காலைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும். செருப்பு அளவு கேட்கிற கடையில் வாங்காதீர்கள், நான் வாங்கினேன்.

இனி ஒவ்வொன்றாக.

## கிரேப் பண்டேஜ்

ஆக மலிவு, எந்தப் பாமசியிலும் கிடைக்கும். எங்கள் வீடுகளில் முதலில் கை போவதும் இதற்குத்தான். ஆனால் அழுத்தம் பண்டேஜில் இல்லை, சுற்றுகிற கையில் இருக்கிறது. இன்றைக்கு நான் சுற்றினால் ஒரு அழுத்தம், நாளைக்கு மகன் சுற்றினால் இன்னொன்று. கெண்டைக்காலில் கூட இறுக்கிக் கணுக்காலில் தளர விட்டால் நேரெதிர் வேலைதான் நடக்கும். நன்றாகச் சுற்றினாலும் நடக்க நடக்க சில மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும். மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை தோய்த்தால் இழுவையும் போய்விடும்.

மலிவு என்கிறோம், ஆனால் மாதத்துக்கு இரண்டு வாங்கினால் அந்தக் காசு எங்கே போய் நிற்கிறது என்று ஒருக்கா கணக்குப் பாருங்கள். சுளுக்குக்கு நல்லது. சரியான மேசு வந்துசேரும் வரை ஒரு வாரம் சமாளிக்கவும் காணும். கணுக்காலின் உட்பக்கத்தில் புண் வந்தவர்களுக்குக் கிளினிக்கில் பல அடுக்காகக் கட்டுவார்கள். அது பழகின தாதியர் செய்கிற வேலை, அதைப் பார்த்து வீட்டில் செய்யக் கூடாது.

## ஆஸ்பத்திரி வெள்ளைக் காலுறை

ஒபரேசனுக்குப் போனவர்கள் கொண்டுவருவார்கள். “புதிசு மாதிரிக் கிடக்கு, நீ போடு” என்று கைமாறும். இது படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்கச் செய்தது. கணுக்காலில் சுமார் 18 என்பது படுத்திருக்கிற காலுக்கான கணக்கு. எழும்பி நின்றால் கணுக்கால் நாளத்துக்குள் 80, 90 வரை போகும். அதற்கு முன்னால் இது மெல்லிய துணி. படுக்கையில் இருக்கிறவருக்கே விட்டுவிடுங்கள்.

## முழங்கால் உயர மேசு

பெரும்பாலானோருக்கு என் பதில் இதுதான். புடைப்பு தொடைவரை இருந்தாலும் வீக்கமும் உளைவும் கூடுவது முழங்காலுக்குக் கீழேதான்; இரத்தத்தை மேலே பம்ப் பண்ணுகிற கெண்டைத் தசையும் அங்கேதான் இருக்கிறது. சேலைக்கும் வேட்டிக்கும் உள்ளே தெரியாது.

விரல் திறந்ததா மூடினதா என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திறந்ததுதான். செருப்புப் போடுகிற கால், வியர்க்கிற கால், விரலிடுக்கில் புண் வருகிற கால். மெட்டி போட்டிருந்தால் மூடினது ஒரே வாரத்தில் கிழியும். திறந்ததையும் மெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். கொலுசும் அப்படித்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் போகிறவர்கள் சூடான மணலில் மேசோடு நடக்க வேண்டாம். குதிக்கால் முதல் நாளே தேய்ந்துவிடும். கோயிலுக்குள் நடந்துகொண்டுதானே இருக்கப் போகிறீர்கள், அந்த நடையே கெண்டைத் தசைக்கு வேலை கொடுக்கும். கழற்றிவிட்டுப் போய், வந்து காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட்டுப் போடலாம்.

போடுவதற்கு ஒரு வித்தை இருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கமுன் போட வேண்டும். ஏற்கனவே எழும்பிவிட்டால் கால் மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்துவிட்டு. மேசை உட்பக்கம் வெளியே வருகிறமாதிரிக் குதிக்கால் வரை புரட்டிக்கொள்ளுங்கள். வழுவழுப்பான ஷொப்பிங் பாக் ஒன்றைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் மேசை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். குதிக்கால் சரியாக உட்கார்ந்தபின் பாக்கை விரல் பக்கத்தால் உருவி எடுத்துவிடலாம். மீதியை ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவ வேண்டும். விளிம்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தால் மேலே குவிந்து சுருளும். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். கூடினால் மடித்துவிடாதீர்கள், மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். என் கெண்டையில் விழுந்த பள்ளம் அப்படி வந்ததுதான்.

இப்போது மறைந்திருக்கிற செலவு. தினமும் போட்டால் ஒரு சோடி 4 முதல் 6 மாதம்தான். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், ஆனால் இழுவை போயிருக்கும். “இப்ப லேசாப் போட வருது” என்றால் பழகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, மாற்ற வேண்டிய நேரம். தோய்த்துக் காய இன்னொரு சோடி வேண்டும். விலையைப் பார்க்கும்போது வருசத்துக்கு இரண்டு மூன்று சோடி என்றே பெருக்கிப் பாருங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று பவுடரை அள்ளிப் போட்டு உரஞ்சினால் இழைக்குக் கேடு. கொஞ்சச் சவர்க்காரத்தில் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி ஒற்றி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் கொடியில் தொங்கவிடுவது மேசைக் கொல்லுகிற வேலை. காலில் எண்ணெய் பூசுகிற பழக்கம் இருந்தால் இரவில், கழற்றினபின்.

படுக்கும்போது கழற்றத்தான் வேண்டும். ஒரு விதிவிலக்கு, கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறபோது. விடியவிடியக் காலைத் தொங்கப்போட்டு இருந்து, இறங்கும்போது செருப்புக் கொள்ளாமல் நிற்கிறவர்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம். அந்தப் பயணத்துக்கும் கனடா விமானப் பயணத்துக்கும் 15–20 காணும். பிள்ளைத்தாச்சிகளுக்கும் டொக்டர் சொன்னால் இந்த அளவுதான் பெரும்பாலும். பிள்ளை பிறந்து சில மாதத்தில் அநேகமானோருக்குப் புடைப்பு குறையும் என்பதால் விலை கூடினதில் காசைக் கொட்ட வேண்டாம்.

தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு நேர்மையாகச் சொன்னால் மேசு சரிவராது. வெங்காயப் பாத்தியில் தண்ணீர் மாறுகிறபோது நனைந்து, மண் ஒட்டி, தோலைத்தான் உரஞ்சும். காலைக் கழுவித் துடைத்தபின் வருகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் மற்றச் சிகிச்சை பற்றிக் கேட்பது இவர்களுக்குத்தான் கூட அவசரம்.

## தொடை வரை போகிறது

விலை கூட, ஏற்றுவது இரட்டிப்புக் கஷ்டம். மேலே சறுக்காமல் பிடிக்க ஒரு சிலிக்கோன் பட்டி இருக்கும். வைகாசி வெக்கையில் அதற்கடியில் வியர்த்து, கடித்து, பரு போடும். வழமையான உளைவுக்கும் வீக்கத்துக்கும் முழங்கால் உயரத்தைவிடக் கூடப் பலன் தரும் என்று சொல்ல முடியாது. லேசரோ, நாளத்தை அடைக்கப் போடுகிற நுரை ஊசியோ, சத்திரசிகிச்சையோ செய்தபின், டொக்டர் இத்தனை நாள் என்று சொன்னால் அந்த நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.

## வெளிநாட்டுப் பார்சல்

தரம் நல்லது, அதில் சந்தேகம் இல்லை. பிரச்சினை அங்கே கடைக்குள் நிற்கிற பிள்ளைக்கு அம்மாவின் கணுக்கால் சுற்றளவு தெரியாது. கண்ணளவில் “மீடியம்” எடுப்பார். அளவு பிழைத்தால் மாற்ற முடியாது. துணியும் குளிர் நாட்டுக்கு நெய்த தடித்த துணியாக இருக்கலாம். இவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளை அனுப்பினது என்ற எண்ணத்தில் பொருந்தாததை இறுக்கிப் போட்டுக்கொண்டு இருப்பார்கள், அதுதான் கூட ஆபத்து. மூன்று அளவையும் இரண்டு காலுக்கும் எழுதி, வேண்டிய மி.மீ. எண்ணையும் எழுதி, விரல் திறந்தது, மெல்லியது என்று சொல்லி அனுப்பினால் இதைவிட நல்ல வழி இல்லை. முதலில் ஒரு சோடி மட்டும். பொருந்தினபின் அடுத்தது.

எங்கே வாங்கினாலும் சரி, போட்டபின் விரல் நீலம் பாய்ந்தாலோ விறைத்தாலோ உடனே கழற்றுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டை நொந்தால் மேசு தேடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தம் உறைந்திருக்கலாம். புடைத்த இடம் வெடித்து இரத்தம் பாய்ந்தால் படுத்து, காலை உயர்த்தி, அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஒட்டுப் பட்டி

வெல்க்ரோ பட்டிகளால் சுற்றி ஒட்டுகிற உறை. இங்கே கடையில் லேசில் காணக் கிடைக்காது, விலையும் பயமுறுத்தும். செருப்புக் கொஞ்சம் இறுக்கும், சேலைக்குள்ளே பருமனாகத் தெரியும். ஆனால் ஏற்றி இழுக்கிற பாடு இல்லை. வீக்கம் குறையக் குறைய இறுக்கலாம், மேசைவிடக் கனகாலம் உழைக்கும்.

எங்கள் மாமிக்கு 76 வயது, விரல் மூட்டெல்லாம் வாதம். லண்டனில் இருந்து மகள் அனுப்பின அருமையான மேசு மூன்று சோடி அலுமாரியில் கிடந்தது. “உதை இழுக்கிறதுக்குள்ள எனக்குச் சீவன் போயிடும் பிள்ளை” என்பார். காலையில் போட்டுவிட வீட்டில் ஆள் இல்லை. அவருக்கு இதுதான் என்று கிளினிக்கில் காட்டிக் கேட்டு முடிவெடுத்தோம். ஒரு நாள் விடிய ஐந்தரைக்குப் போய், அவர் கட்டிலில் இருந்து இறங்கமுன் நூலால் அளந்தேன். கணுக்கால் 22, கெண்டை 36, நீளம் 38, எல்லாம் சென்ரிமீற்றரில். முதல் நாள் பின்னேரம் அதே கணுக்கால் 24 இருந்தது. எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் எழுதி, படமும் எடுத்து, வாட்ஸ்அப்பில் லண்டனுக்கு அனுப்பினோம்.

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது: “எல்லாம் கிடைச்சுது அக்கா. அம்மாட செருப்பு சைஸ் என்ன?”